நான் நீக்கிய விண்மீன் மண்டலம்

அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்; எங்கள் ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. எனக்கு முப்பத்து மூன்று. மேசைக்கு இந்தப் பக்கம் கேள்வி கேட்கும் மூவரில் ஒருத்தியாக நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் அவர், பிளாஸ்டிக் உறைக்குள் பட்டச் சான்றிதழை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் இருந்தார். இயற்பியலில் இளங்கலை முடித்து இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

"இத்தனை வருஷம் என்ன பண்ணீங்கம்மா?" என்று எங்கள் குழுவில் மூத்தவர் கேட்டார்.

"வூட்டப் பாத்துக்கினு இருந்தேன் சார். ரெண்டு பொண்ணுங்க. ரெண்டுத்துக்கும் பிளஸ் டூ பிசிக்ஸ் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டும் பாஸ்."

வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சோதனைதான் வைத்தோம். கணினித் திரையில் மணலைக் கொட்டினாற்போல் ஒரு சாம்பல் நிறப் படம். "இதில் ஏதாவது தெரிந்தால் வட்டம் போடுங்கள்" என்பதுதான் கேள்வி. படத்தில் ஒன்றுமே கிடையாது. வெறும் இரைச்சலை, அதாவது அர்த்தமில்லாத புள்ளிகளை, வைத்து நானே செய்த படம் அது. முன்னால் வந்த பட்டதாரிகள் ஐந்து வட்டம், எட்டு வட்டம் என்று போட்டுவிட்டுப் போனார்கள். அக்கா கால் மணி நேரம் பார்த்தார். எங்களைத் திரும்பிப் பார்த்து, தயங்கி, "இதுல ஒண்ணுமே இல்லியே சார்?" என்றார்.

அன்றே அவரைச் சேர்த்துக்கொண்டோம்.

எங்கள் ஆய்வகம் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு கல்லூரியின் பழைய கட்டிடத்தில் மூன்று அறைகள். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியிலிருந்து ஏசி வரைக்கும் எல்லாமே துருப்பிடிக்கும். தொலைநோக்கி எங்களிடம் கிடையாது. அது வேறு மாநிலத்தில், வயல்களுக்கு நடுவே பெரிய பெரிய ஆன்டெனாக்களாகப் பரந்து கிடக்கிறது. அங்கே பதிவாகும் தரவு எங்களுக்கு வரும். நாங்கள் அதற்குள் தேடுவோம்.

எதைத் தேடுகிறோம் என்று சொல்கிறேன். விண்மீன் மண்டலங்கள், அதாவது கேலக்ஸிகள், பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. இரண்டு மூன்று பெரியவை, அவற்றைச் சுற்றிச் சில குட்டிகள் என்று கூட்டமாக இருக்கும். நமக்கு அண்மையில் அப்படிப் பல கூட்டங்கள் உண்டு. கோட்பாட்டின்படி ஒவ்வொன்றிலும் இன்னும் நிறையக் குட்டிகள் இருக்க வேண்டும். ஆனால் கண்ணில் படுபவை குறைவு. சிலவற்றில் நட்சத்திரங்கள் மிகவும் சொற்பம். சாதாரணப் படத்தில் இருப்பதே தெரியாது. ஆனால் அவற்றில் ஹைட்ரஜன் வாயு இருக்கும். அந்த வாயு மிக மெல்லிய ரேடியோ அலை ஒன்றை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த அலையைப் பிடித்தால் குட்டியைப் பிடித்த மாதிரி.

தரவு ஒரே படமாக வராது. ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு படம் என்று நூற்றுக்கணக்கான படங்கள், சீட்டுக்கட்டு போல அடுக்கி வரும். ஒவ்வொன்றையும் சேனல் என்போம். உண்மையான மண்டலம் என்றால் அடுத்தடுத்த சில சேனல்களில் மங்கலாக ஒரு திட்டு தோன்றும், சுழல்வதால் சேனலுக்குச் சேனல் சற்றே இடம் பெயரும், பிறகு மறையும். பிரகாசமானவற்றைக் கணினி நிரலே எடுத்துக் கொடுத்துவிடும். மங்கலானவற்றை எடுக்கச் சொன்னால் குப்பையையும் சேர்த்து அள்ளிக் கொட்டும். அந்த இடத்தில்தான் மனிதக் கண் தேவை. அக்காவின் வேலை அதுதான்: பார்ப்பது, சந்தேகப்பட்டதை அட்டவணையில் ஒரு வரியாக எழுதுவது. நான் அதைச் சரிபார்த்து, 'ஏற்பு' அல்லது 'நீக்கம்' என்று போடுவேன்.

நான் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து மாமல்லபுரம் பஸ். அக்கா திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம், வழியில் ஏறுவார். ஆய்வகத்தில் என்னை "மேடம்" என்பார். பஸ்ஸில் "இன்னாம்மா, கொழந்த எழுந்துக்கறதுக்குள்ள வந்துட்டியா?" என்று கேட்பார். ஒருநாள் ஆய்வகத்திலும் மேடம் வேண்டாமே என்றேன். "அது வேல எடம்மா, இது பஸ்ஸு" என்று சொல்லிவிட்டார்.

முதல் ரமலான் மாதம் வந்தது. நான் நோன்பு வைத்திருந்தேன். மதியம் ஒரு மணிக்கு அக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு சவுக்கு மரத்தடிக்குப் போய்விடுவதை நான்காவது நாள்தான் கவனித்தேன். வெயிலில், மணலில், காக்கையைக் கையால் விரட்டிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போய்க் கூப்பிட்டேன். "என் எதிர்ல சாப்பிட்டா எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. உள்ள வாங்க."

"உனுக்கு ஆவாது. எனுக்குத் தொண்டையில எறங்காது" என்றார். மாதம் முழுவதும் மரத்தடியில்தான் சாப்பிட்டார். அதற்குப் பிறகு செங்கல்பட்டில் என் அம்மா வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கிவந்து மறுநாள் காலை பஸ்ஸில் அவருக்குக் கொடுப்பேன். "நேத்து கஞ்சியா? பரவால்ல, பழசுன்னா எனுக்கு இன்னும் புடிக்கும்" என்று வாங்கிக்கொள்வார்.

இவ்வளவு நெருக்கம் இருந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருடம் ஒரு மண்டலக் கூட்டத்தின் தரவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆண்டறிக்கைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு திட்டைக் குறித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பார்த்தவுடனேயே எனக்குச் சலிப்பு வந்தது. ரேடியோ அலையைப் பலமாக வீசும், மிகப் பிரகாசமான ஒரு மூலத்துக்கு மிக அருகில் அந்தத் திட்டு இருந்தது. அப்படிப்பட்ட மூலத்தைத் தரவிலிருந்து கழித்தாலும் முழுசாகப் போகாது. குளத்தில் கல் விழுந்த மாதிரி அதைச் சுற்றி அலை அலையாக மிச்சம் இருக்கும்.

"இது அந்த மூலத்தோட மிச்ச அலைக்கா" என்றேன்.

"அலைன்னா அந்தாண்டையும் இருக்கணும்ல மேடம்? கல்லு போட்டா ரெண்டு பக்கமும்தான போவும்? இது இந்தாண்ட மட்டும் கீது."

"எப்பவும் சமமா வராது."

"நாலு சேனல்ல வருது. ஒண்ணுத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு கொஞ்சம் நவுருது பாருங்க. மொதல்ல இங்க. கடைசில தோ, இங்க. அலை இப்படி நவுருமா?"

"நகரலாம்."

நகருமா என்று எனக்கு உண்மையில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதே இடத்தின் சாதாரண ஒளிப்படத்தைத் திறந்து காட்டினேன். அங்கே கறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. "பாருங்க, ஒரு நட்சத்திரம்கூட இல்ல" என்றேன். நட்சத்திரம் தெரியாதவற்றைத் தேடத்தான் இந்த வேலையே என்பது அந்த நிமிடம் எனக்கு மறந்துபோயிருந்தது.

"செரி மேடம்" என்றார் அக்கா.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. 'நீக்கம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அக்கா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "நல்லா இருக்குக்கா" என்றேன். "ம்" என்றார். ஏன் மாற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வருட முடிவில் திட்டத்துக்கான நிதி குறைந்தது. ஒப்பந்தத்தில் இருப்பவர்களில் யாரை நீட்டிப்பது, யாரை விடுவது என்று முடிவெடுக்க ஒவ்வொருவர் பற்றியும் ஒரு குறிப்பு கேட்டார்கள். அக்காவைப் பற்றி நான் எழுத வேண்டியிருந்தது. அவர் குறித்தவற்றில் பெரும்பாலானவற்றை நான் நீக்கியிருந்தேன் என்பது அட்டவணையிலேயே இருந்தது. நேரம் தவறாதவர், பொறுமைசாலி என்றெல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'இல்லாததை இருப்பதாகக் காணும் போக்கு உண்டு.'

அவர் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நிதி இல்லை என்பதுதான் காரணம் என்று நான் அவரிடம் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். கடைசி நாள் அவர் தன் கோப்புகளை எல்லாம் கூட்டவாரியாக, தேதிவாரியாக அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்தார். வீட்டிலிருந்து கேழ்வரகு அடை கொண்டுவந்திருந்தார். எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகத் தனியாக ஒரு பொட்டலம் கட்டியிருந்தார்.

அதன் பிறகு சில மாதம் போனில் பேசினோம். அப்புறம் அது நின்றுபோனது. நின்றதற்கு நான்தான் காரணம்.

இரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டுக் குழு ஒன்றிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதே கூட்டத்தை அவர்கள் வேறொரு தொலைநோக்கியால் எங்களைவிடப் பல மடங்கு நேரம் உற்றுப் பார்த்திருந்தார்கள். 'இன்ன இடத்தில், இன்ன வேகத்தில் ஒரு சிறிய வாயுத் திரள் தெரிகிறது. பெரிய மூலத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கே முழு நம்பிக்கை இல்லை. உங்கள் பழைய தரவில் ஏதாவது சாயல் இருந்ததா?' என்று கேட்டிருந்தார்கள்.

இடத்தைப் படித்ததுமே எனக்கு அக்கா குறித்த அந்தத் திட்டு நினைவுக்கு வந்தது. அக்கா எழுதி வைத்துப்போன தாளைத் தேடி எடுத்தேன். அதன்படியே போனால் ஒரு நிமிடத்தில் கோப்பு கிடைத்தது. அட்டவணையில் அந்த வரி. இடம், வேகம், நான்கு சேனல் எண்கள் எல்லாம் அவர்கள் அனுப்பியதோடு ஒத்துப்போயின. அருகில் என் 'நீக்கம்'. அதற்கு அடுத்த கட்டத்தில், நான் ஒருநாளும் படித்திராத அக்காவின் குறிப்பு: 'மேடம் அலை என்கிறார். அந்தப் பக்கம் இல்லை. நகர்கிறது. மறுபடி பார்க்க வேண்டும்.'

மறுபடி நான் பார்க்கவில்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'எங்கள் குழு இதை முன்பே குறித்திருந்தது' என்று முதல் வாக்கியம் தானாக வந்து விழுந்தது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

என் கணவருக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை. அன்று வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மின்னஞ்சலை எப்படி எழுதலாம் என்று அவரிடம் கேட்கத்தான் நினைத்தேன். 

"அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் அவர் கேட்டார்.

அந்த முதல் வாக்கியத்தை அழித்தேன். இதை எங்களோடு வேலை செய்த இன்னார் குறித்தார், நான் தவறான காரணத்தால் நீக்கினேன், அவருடைய குறிப்பை அப்படியே இணைத்திருக்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. 'அவரோடு பேச முடியுமா?' என்று கேட்டிருந்தார்கள்.

அக்காவின் பழைய எண் வேலை செய்யவில்லை. சனிக்கிழமை மதியம் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அவர் ஊருக்குப் போனேன். முன்பு ஒரே ஒருமுறை, அவருடைய பெரிய பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்த வீடு. வாசலில் தகரக் கூரை நிழலில் அவர் கணவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"மறைமலைநகர்ல கம்பெனிக்குப் போவுதும்மா. மொத ஷிப்ட்டு. கம்பெனி பஸ்ஸு வர நாலு மணி ஆவும். உக்காரு, மோர் சாப்புடு."

நாலேகாலுக்கு அக்கா வந்தார். நீலச் சீருடை மேல்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இன்னாம்மா, வழி தெரிஞ்சிதா? கொழந்த நல்லா கீறானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். மன்னிப்புக் கேட்க நான் பார்த்துவைத்த ஒத்திகை எல்லாம் அதிலேயே கலைந்துபோனது.

அங்கே என்ன வேலை என்று கேட்டேன். வண்டிகளின் பிரேக்குக்கான இரும்புப் பாகங்களில் விரிசல் பார்க்கும் வேலையாம். "இருட்டு ரூமு. ஊதா லைட்டு போட்டு வெச்சிருப்பாங்க. மருந்து ஊத்திக் காட்டினா விரிசல் பச்சையா கோடு மாதிரி தெரியும். தலமுடிய வுட மெல்லிசா இருக்கும். அதான் பாக்கணும்" என்றார். "பரவால்ல, நமக்கு தெரிஞ்ச வேலதான்."

மடிக்கணினியைத் திறந்தேன். அந்த மின்னஞ்சலையும், புதுத் தரவில் அவர்கள் வரைந்த படத்தையும் காட்டினேன். மங்கலான திட்டு இல்லை இப்போது. தெளிவாக, நீள்வட்டமாக, ஒருபக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் சுழலும் ஒரு குட்டி மண்டலம். அக்கா உடனே கண்டுகொண்டார். எந்த வரி, எந்தக் கூட்டம் என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இது அந்த அலைதான?"

"ஆமாக்கா. அலை இல்ல அது. நீங்க சொன்னதுதான் சரி. நான் பார்க்காமலே நீக்கிட்டேன்."

அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதியையும் சொல்லிவிட்டேன். அவரைப் பற்றி நான் எழுதிய குறிப்பு, அதன் கடைசி வாக்கியம், அது இல்லாமலிருந்தால் ஒருவேளை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டிருக்கலாம் என்பது, எல்லாவற்றையும்.

"எனுக்குத் தெரியும்மா" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கடைசி நாளு ஆபீஸ்ல கையெழுத்து வாங்கினாங்க இல்ல? அந்தக் காகிதத்தோட நீ எழுதினதும் பின் பண்ணி வெச்சிருந்துச்சி. இங்கிலீசுதான? படிச்சிட்டேன்."

"தெரிஞ்சுமா எனக்கு அடை கட்டிக் குடுத்தீங்க?"

"அடை முந்தின ராத்திரி மாவு பெசஞ்சது. காகிதம் மறுநாளு பாத்தது" என்றார். பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "கஷ்டமாத்தான் இருந்துச்சி, இல்லன்னு சொல்லல. அதுக்கு முன்னாடியே எனுக்கு ஒரு பயம். நான் பாக்கறது எல்லாம் நீ இல்ல இல்லன்னு சொல்லிகினே இருந்தியா, கண்ணுதான் போச்சின்னு நெனச்சிகினேன். செங்கல்பட்டுல போயி டெஸ்ட் பண்ணேன். பவரு மாறலன்னு அந்த டாக்டரு சொன்னாரு. அப்பவும் மனசு கேக்கல. வேற கண்ணாடி போடுங்கன்னு அடம் புடிச்சி மாத்திகினேன்."

அந்தப் புதுக் கண்ணாடியைப் பார்த்துத்தான் நான் நல்லா இருக்கு என்று சொல்லியிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிடுங்கக்கா" என்று சொல்ல வந்ததில் பாதிதான் வெளியே வந்தது. அவர் கணவர் ஆட்டோவின் அந்தப் பக்கம் போய், ஏற்கெனவே துடைத்த முன்கண்ணாடியைத் திரும்பவும் துடைக்க ஆரம்பித்தார்.

"அழாத. வூட்டுக்கு வந்து சொன்ன இல்ல, அது போதும்" என்றார் அக்கா. பிறகு, "நீக்கினது இன்னும் நெறைய இருந்துச்சே, அதெல்லாம் பாத்தியா?" என்று கேட்டார்.

அடுத்த வார விடுமுறை நாளில் ஆய்வகத்துக்கு வந்தார். கட்டிடத்தில் அவரைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் குறித்து நான் நீக்கியவை ஒவ்வொன்றையும் வெளிநாட்டுக் குழு அனுப்பிய புதுத் தரவோடு வைத்துப் பார்த்தோம். எனக்குள் ஒரு பயம் இருந்தது, இன்னும் எத்தனை அநியாயம் செய்திருக்கிறேனோ என்று. அக்காவிடம் வேறு மாதிரியான கறார் இருந்தது.

"இது குப்ப. இதையா குறிச்சேன்? தூக்குங்க மேடம்." மறுபடி மேடம் ஆகியிருந்தேன். "இதுவும் இல்ல. இது ஒரே சேனல்ல வருது, எப்படிக் குறிச்சேன்னு தெரியல. இதுல உங்க மேல தப்பு இல்ல."

மாலைக்குள் முடித்தோம். அவர் குறித்து நான் நீக்கிய மற்றவை எல்லாமே இரைச்சல்தான். நான் நீக்கியதில் தவறு அந்த ஒன்றே ஒன்று. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதில் ஆறுதல் இல்லை. மற்றவற்றைச் சரியாக நீக்கிய அதே கை, அதே அவசரம், அந்த ஒன்றையும் நீக்கியிருந்தது. அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"எங்க கம்பெனியில ஒரு ரூலு கீது" என்றார். "பீஸ ஒதுக்கினா இன்னாத்துக்கு ஒதுக்கினேன்னு எழுதணும். சும்மா தூக்கிப் போடக் கூடாது. எழுதும்போதுதான் சில நேரம், அட, இது நல்ல பீஸாச்சேன்னு தெரியும்."

இப்போது எங்கள் அட்டவணையில் 'நீக்கம்' என்ற சொல்லை மட்டும் போட்டால் கணினி ஏற்காது. காரணத்தை எழுதினால்தான் அடுத்த வரி திறக்கும். அவர் சொன்னதைக் கேட்டு நான் செய்த மாற்றம் அது.

வெளிநாட்டுக் குழுவோடு காணொளியில் பேசும் நாள் வந்தது. அக்கா ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். திரையில் நான்கு பேர். அவர்களில் தலைமை வகித்த பெண்மணி, இவ்வளவு மங்கலான தரவில் அது விண்மீன் மண்டலம் என்று எப்படி உறுதியாகச் சொன்னீர்கள் என்று கேட்டார். அக்காவுக்குக் கேள்வி புரிந்தது. பதிலை மட்டும் தமிழில்தான் சொல்லுவேன், மாற்றிச் சொல்லுங்கள் என்றார்.

"நான் கேலக்ஸின்னு சொல்லவே இல்ல. இது அலை இல்லன்னு மட்டுந்தான் சொன்னேன். கேலக்ஸின்னு கண்டுபுடிச்சது நீங்க."

நான் மொழிபெயர்த்தேன்.  அந்தப் பெண்மணி குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக அக்காவின் பெயரும் இருக்க வேண்டும் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொன்னார்.

மறுபடி வேலைக்கு வருகிறீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். புதுத் திட்டம் ஒன்றில் ஓர் இடம் இருந்தது. அதற்கு நான் எழுத வேண்டிய குறிப்பை ஏற்கெனவே எழுதியும் வைத்திருந்தேன். "எத்தன மாசத்துக்கும்மா?" என்று கேட்டார். ஆறு மாதம், பிறகு பார்க்கலாம் என்றேன். தலையை ஆட்டினார். "சின்னவ நர்சிங் முடிக்கணும். இங்க நெலையான வேல. பி.எஃப். புடிக்கிறாங்க, ஆஸ்பத்திரி கார்டு கீது. இத வுட்டுட்டு வர முடியாதும்மா. லீவு நாள்ல வரேன், பாத்துத் தரேன்." நியாயம்தான். எனக்கு வருத்தமாக இருந்தது; அவருக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் முடிவில் தடுமாற்றம் இல்லை. சொன்னபடியே மாதத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ வருகிறார்.

கட்டுரையை அனுப்பும்போது ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு ஆசிரியரின் பெயருக்குக் கீழும் அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று போட வேண்டும். அக்கா எங்கள் ஆய்வகத்தில் இப்போது இல்லை. பிரேக் கம்பெனியைப் போட முடியாது. என்ன போடலாம் என்று போனில் கேட்டேன்.

"ஊர் பேரு போடலாமா?"

போடலாம் என்று தோன்றியது. அக்காவின் பெயர், கீழே அவருடைய ஊர், செங்கல்பட்டு மாவட்டம் என்று எழுதி அனுப்பினேன். சில வாரம் கழித்துப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. அந்தப் பெயரில் ஓர் ஊரை எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை, ஆங்கில எழுத்துகளைச் சரிபார்க்கவும் என்றிருந்தது. அந்தக் கேள்வியைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் அவர் கணவர் என்னைக் கூப்பிட்டார். அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. பின்னணியில் ஆட்டோ ஓடும் சத்தம்.

"அம்மா, நம்ம ஊரு பேர பஸ்ஸு போர்டுல ஒரு மாதிரி எழுதிகீறான், பஞ்சாயத்து ஆபீஸ்ல வேற மாதிரி எழுதிகீறான், ரேஷன் கடையில இன்னொரு மாதிரி. எதப் போடப் போற?"

"எதுண்ணே சரி?"

 யாரையோ கூப்பிட்டுக் கேட்டார். அங்கே ஒரு சிறிய வாக்குவாதம் நடந்தது. பிறகு திரும்பி வந்து, "பஞ்சாயத்து ஆபீஸ்ல கீறதயே போடும்மா" என்றார். "எழுத்து எழுத்தா சொல்றேன், எழுதிக்கோ."

நான் பேனாவை எடுத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக, நடுநடுவே நிறுத்தி, சரியா, சரியா என்று கேட்டுக் கேட்டுச் சொன்னார்.